‘கைப்பற்றிய ஆவணம்’ செய்தியைப் படிப்பது எப்படி?

எதிரி அலுவலகத்தில் கிடைத்த கடிதம் என்று செய்தி வந்தால், முன்பெல்லாம் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: அசலா, போலியா? அசல் என்றால் உள்ளே எழுதியதையும் நம்பிவிடுவேன். 2003இல் பாக்தாத் வீழ்ந்த பிறகு வந்த செய்திகளைத் தேடிப் படித்தபோதுதான் அந்தப் பழக்கம் போனது.

படி 1: யார் கையிலிருந்து வந்தது?

பிரிட்டிஷ் எம்பி ஜார்ஜ் காலோவே சதாம் அரசிடம் பணம் பெற்றார் என்று இரண்டு பத்திரிகைகள் எழுதின. அவர் மறுத்தார். டெய்லி டெலிகிராஃப் நிருபர் சூறையாடப்பட்ட வெளியுறவு அமைச்சகத்தில் தாமே காகிதங்களைக் கண்டெடுத்தார். கிறிஸ்டியன் சயின்ஸ் மானிட்டருக்கு ஓர் இராக்கியத் தளபதி கொடுத்தார். இந்த வேறுபாட்டை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தாளும் மையும்

மானிட்டர் தானே மறுபடி சோதித்தது. 1992, 1993 என்று தேதியிட்ட தாள்களில் இருந்த மை சில மாதங்கள்தான் பழையது. ஜூனில் மன்னிப்புக் கேட்டது. நமக்குக் கிடைப்பது ஸ்கேன் மட்டும், அதில் மையைச் சோதிக்க முடியாது. கூகுள் லென்ஸை நான் பெரிதாக நம்புவதில்லை. படம் வேறெங்கே வந்திருக்கிறது என்று அது காட்டலாம், தாள் அசலா என்று சொல்லாது. அரபி அலுவலகக் கடிதங்களைப் படித்துப் பழகிய ஒருவர் பார்ப்பதே மேல்.

படி 3: எழுதியவருக்கு எப்படித் தெரியும்?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஓர் அதிகாரி தன் மேலதிகாரிக்கு எழுதிய அசல் கடிதத்திலும் மிகைப்படுத்தல் இருக்கலாம், காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கலாம். டெலிகிராஃப் மீது காலோவே அவதூறு வழக்குப் போட்டார். குற்றச்சாட்டு உண்மை என்று பத்திரிகை வாதாடவே இல்லை, பொதுநலனுக்காக வெளியிட்டோம் என்றது. 2004இல் தோற்றது, 1,50,000 பவுண்டு நஷ்டஈடு. தாள் கிடைத்த இடம் சரியாக இருந்தும், உள்ளிருப்பதைத் தனியாக விசாரித்தே ஆக வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

படி 4: மீதி எங்கே?

பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின்லேடன் வீட்டில் அமெரிக்கப் படை 2011இல் எடுத்தவற்றில் 2012 மே மாதம் வெளிவந்தவை 17 ஆவணங்கள். 2017 நவம்பரில் சுமார் 4,70,000 கோப்புகளை சிஐஏ வெளியிட்டது. 17ஐ வைத்து எழுதிய கட்டுரையைப் படிக்கும்போது, தேர்ந்தெடுத்தது யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சேர்க்கை: அப்படியானால் எதையும் வெளியிடக்கூடாதா என்று ஒரு வாசகர் கேட்டார். வெளியிடலாம். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரிடம் முன்கூட்டியே முழு விவரத்தையும் காட்டிப் பதில் வாங்க வேண்டும். எது உறுதியாகவில்லை என்பதை முதல் பத்தியிலேயே போட வேண்டும், பதினைந்தாவது பத்தியில் அல்ல.