மிச்சிகன் ஏரியில் ஊர் ஊராகப் படகில் போக

மதியம் ஒரு மணிக்குள் படகைக் கட்டிவிடுங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில், கிழக்குக் கரையோரம் துறைமுகம் துறைமுகமாகப் போக நினைக்கும் எவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பாய், நங்கூரம், வரைபடம் எல்லாம் அதற்கு அப்புறம்.

காரணம் இந்தக் கரையின் அமைப்பு. இங்குள்ள ஊர்கள் பெரும்பாலும் ஆற்று முகத்துவாரத்தில் இருப்பவை. மணல்மேடுகளுக்குப் பின்னால் ஆறு பல இடங்களில் சிறு ஏரியாக விரிந்து, குறுகிய கால்வாய் வழியாகப் பெரிய ஏரியில் சேரும். கால்வாயின் இரு பக்கமும் நீண்ட தடுப்புச் சுவர்கள் மேற்கு நோக்கி நீண்டிருக்கும். கோடையில் தென்மேற்குக் காற்றுதான் அதிகம். காலையில் மெல்ல ஆரம்பித்து மதியத்துக்கு மேல் வலுக்கும். எதிர்க்கரை 100 கிலோமீட்டருக்கு அப்பால். அவ்வளவு தூரம் தடையில்லாமல் வளர்ந்து வந்த அலை நேரே முகத்துவாரத்தில் மோதுகிறது. எதிரே ஆற்றுநீர் வெளியேறுகிறது, சுவரில் பட்ட அலையும் திரும்புகிறது. நடுவில் தண்ணீர் உலைநீர் போலக் கொதிக்கும். வெளியே சமாளித்து வந்த அதே அலை, துறைமுகத்தின் வாசலான இந்த முகத்துவாரத்தில் படகைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். ஆகவே பயணத்தை எப்போதும் வாசலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: எத்தனை மணிக்கு உள்ளே நுழைய வேண்டும், அதற்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்.

எல்லா வாசலும் ஒரே மாதிரி இல்லை. மஸ்கீகன், ஹாலண்ட், லடிங்டன், ஃப்ராங்க்ஃபர்ட் ஆகிய ஊர்களில் கால்வாய்க்கு வெளியே இரண்டு அலைதடுப்புகள் அம்பு முனை வடிவில் வளைந்து நிற்கின்றன. அதற்குள் நுழைந்தாலே அலை பாதியாகிவிடும். கிராண்ட் ஹேவன், சவுத் ஹேவன், பென்ட்வாட்டர் ஆகிய ஊர்களில் இரண்டு நேர்ச்சுவர்கள் மட்டுமே. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் இந்த மூன்றுக்கும் போகும் திட்டம் வேண்டாம். மிச்சிகன் மாநில அரசு இந்தத் துறைமுகங்களைத் திட்டமிட்டே வரிசையாக அமைத்திருக்கிறது. கரையோரம் எங்கே இருந்தாலும் சுமார் 15 மைலுக்குள் ஓர் ஒதுங்கிடம் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். கிளம்பும் முன்பே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

முந்தின இரவும் விடிகாலையும் தேசிய வானிலைச் சேவையின் கரையோர முன்னறிவிப்பைக் கேளுங்கள். காற்றின் வேகத்தைவிட அலை உயரத்தைக் கவனியுங்கள். என் படகு 27 அடி. மூன்று அடிக்கு மேல் அலை என்றால் நாங்கள் கிளம்புவதில்லை. மூன்று அடி கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் இந்த ஏரியின் அலைகள் கடலலை மாதிரி நீண்டு உருள்வதில்லை, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வந்து அடிக்கும். கிழக்குக் காற்று அடித்தால் கரையோரம் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். அது படகுக்கு அருமையான நாள், காற்றடைத்த மிதவையில் விளையாடும் குழந்தைகளுக்கு ஆபத்தான நாள். மிதவையை அப்படியே வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும்.

முதல் பயணத்துக்கு மஸ்கீகனிலிருந்து தெற்கே போய்த் திரும்பும் வழி நல்லது. வாசலிலிருந்து வாசலுக்கு கிராண்ட் ஹேவன் சுமார் 11 கடல்மைல், அங்கிருந்து ஹாலண்ட் 17, பிறகு சாகடக் வெறும் 6. மணிக்கு ஐந்து கடல்மைல் வேகத்தில் நீளமான கட்டமே மூன்றரை மணி நேரம்தான். போகும்போது விடிகாலையின் மெல்லிய காற்றில் இன்ஜினை ஓட்டிப் போய்விடலாம். திரும்பும்போது தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இடையில் ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். திங்கட்கிழமை ஆபீஸ் போயே ஆக வேண்டும் என்ற அவசரம்தான் பலரைத் தவறான நேரத்தில் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

காலம், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. ஜூனில் தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும், மேலே வெதுவெதுப்பான காற்று வந்தால் மூடுபனி இறங்கும். ஆகஸ்டிலும் நம்பிவிட முடியாது. பலமான காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருக்கும் குளிர்நீர் ஒரே இரவில் மேலே வந்துவிடும். 281 மீட்டர் வரை ஆழமுள்ள ஏரி இது. என் மகள் நன்றாக நீந்துவாள், ஆனாலும் படகு நகரும்போது லைஃப் ஜாக்கெட் இல்லாமல் அவளை மேல்தளத்துக்கு விடமாட்டேன். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மிச்சிகன் சட்டமே அதைக் கட்டாயமாக்குகிறது.

துறைமுகத்தை நெருங்கும்போது பாயை வெளியிலேயே இறக்கிவிடுங்கள். கயிறுகள், படகு மேடையில் உரசாமல் காக்கும் ஃபெண்டர்கள் எல்லாம் வாசலுக்கு முன்பே கட்டித் தயாராக இருக்கட்டும். உள்ளே போய்த் தேட நேரம் இருக்காது. நுழையும்போது சிவப்பு அடையாளங்கள் உங்கள் வலப்பக்கம் வர வேண்டும். ரேடியோவில் 9ஆம் சேனலில் துறைமுக அலுவலகத்தைக் கூப்பிட்டு, படகின் நீளம், தேவையான கரண்ட் இணைப்பு, எந்தப் பக்கமாக அணைத்துக் கட்ட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். 16ஆம் சேனல் ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும். அதில் அரட்டை வேண்டாம். மேடையில் நிற்பவர் கயிறு வாங்கக் கை நீட்டுவார், தயங்காமல் கொடுங்கள். அடுத்த படகு வரும்போது நீங்கள் போய் நில்லுங்கள். இந்தக் கரையில் பழக்கம் பிடிப்பதே அப்படித்தான்.

கிராண்ட் ஹேவனில் கட்டினால் ஊருக்கு நடந்தே போய்விடலாம். கோடையில் இருட்டியதும் ஆற்றின் எதிர்க்கரையில் இசை நீரூற்று ஓடும். 1962 முதல் இருக்கிறது. ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் கடலோரக் காவல்படை விழா நடக்கும்போது முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது. சாகடக்கில் ஆற்றைக் கடக்க, கையால் சுற்றி இழுக்கும் சங்கிலிப் படகு இருக்கிறது. அது கடக்கும்போது சங்கிலி ஆற்றின் அடியிலிருந்து மேலே எழும். குறுக்கே போகாமல் காத்திருங்கள்.

சமையலை முந்தின இரவே முடித்துவிடுவேன். புளிசாதமும் வறுவலும் இருந்தால் அடுப்புப் பற்றவைக்காமல் மதியம் ஓடிவிடும். கழிவறைத் தொட்டியை அந்தந்தத் துறைமுகத்தில் கழிவை உறிஞ்சி எடுக்கும் பம்ப்-அவுட்டில்தான் காலி செய்ய வேண்டும். ஏரியில் திறந்துவிடுவது குற்றம். கரையோர ஊர்கள் பலவும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

தெற்கு வழி பழகியதும் வடக்கே போகலாம். அங்கே லிட்டில் சேபிள், பிக் சேபிள் என்று இரண்டு முனைகள் ஏரிக்குள் நீண்டிருக்கின்றன. 1874இல் கட்டிய செங்கல் கலங்கரை விளக்கம் முதல் முனையில், 1867இல் கட்டிய கறுப்பு வெள்ளைப் பட்டைக் கலங்கரை விளக்கம் இரண்டாவதில். இரண்டு முனைகளிலும் அலை வளைந்து குழம்பும், மணல் திட்டுகளும் உண்டு. தூரம் மிச்சம் பிடிக்க முனையை ஒட்டி வெட்டாமல், நன்றாக வெளியே தள்ளிச் சுற்றுங்கள். இரண்டுக்கும் நடுவில் லடிங்டன். நிலக்கரியில் ஓடும் எஸ்.எஸ். பேட்ஜர் என்ற பெரிய பயணிகள் கப்பல் அங்கிருந்துதான் விஸ்கான்சினுக்குப் போகிறது. அதன் நீளம் 125 மீட்டர், சட்டென்று நிற்கவோ திரும்பவோ அதனால் முடியாது. அதன் புறப்பாட்டு நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அது வெளியேறிய பிறகு வாசலுக்குப் போங்கள்.