வன்னியில் குடியேற வருபவர்களுக்கு: விருந்துக்குப் பிறகு வண்டி

கனடா, லண்டன், சுவிஸ் என்று இருந்துவிட்டு வன்னிக்கு வருபவர்களுக்குக் காணி உறுதி, கிணறு, கரண்ட் பற்றியெல்லாம் சொல்ல ஆள் இருக்கும். விருந்து முடிந்து வண்டி எடுப்பதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

வந்த புதிதில் வீட்டுக்கு வீடு கூப்பிடுவார்கள். "அண்ணை, ஒரு போத்தல் பியர்தானே, ஒண்டும் செய்யாது" என்பார்கள். லேபலைப் பாருங்கள். 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் என்றால், 625 மில்லிலீற்றர் போத்தலில் சுத்த மதுசாரம் மட்டும் சுமார் 43 கிராம்.

இதால் இரத்தத்தில் மதுசாரம் எவ்வளவு ஏறும் என்று பார்க்க சுவீடன்காரர் விட்மார்க்கின் கணக்கு உதவும். உடல் எடையை ஆணென்றால் 0.68ஆல், பெண்ணென்றால் 0.55ஆல் பெருக்குங்கள், வரும் எண்ணால் மதுசாரக் கிராமை வகுங்கள். 70 கிலோ ஆணுக்கு 0.9 வரும். அதாவது 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 90 மில்லிகிராம். இலங்கைச் சட்டம் வைத்த எல்லை 80. ஒரே போத்தலில் தாண்டியாயிற்று! 55 கிலோ பெண்ணுக்கு அதே போத்தல் 140ஐத் தாண்டும்.

இது மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் மாறும். கணக்கு 80க்குள் நிற்கிறதே என்று சாவியைத் தொடாதீர்கள். 50 வருவதற்கு முன்பே கவனம் சிதறத் தொடங்கிவிடும். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் இரவில் போய்ப் பாருங்கள்: பின்லைட் இல்லாத உழவு இயந்திரம், தார்ச் சூட்டுக்கு நடுறோட்டில் படுத்திருக்கும் மாடு. வெறியில்லாதவனுக்கே பிரேக் பிடிக்க நேரம் போதாது.

கள்ளுக்கு இந்தக் கணக்கே சரிவராது. இறக்கியதிலிருந்து புளித்துக்கொண்டே போவதால் காலைக் கள்ளும் பின்னேரக் கள்ளும் ஒன்றல்ல. கசிப்பை, அந்தக் கள்ளச் சாராயத்தை, தொடவே வேண்டாம்.

தேசிக்காய்த் தண்ணி, கிணற்றுக் குளிப்பு, கோப்பி எதுவும் வெறியை இறக்காது. ஈரல் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். அப்புறம், ஊர்ப்பக்கம் இரவில் கைகாட்டினால் நிற்க ஓட்டோ கிடையாது. போகும்போதே ஓட்டோக்காரத் தம்பியிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே பாய் கேளுங்கள். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

விடியக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு யாரையாவது ஏற்றிப்போக வேண்டியிருந்தால் முதல் நாளே வேறு சாரதியைப் பிடியுங்கள். இரவு 12 மணிக்கு இரண்டு ஸ்ட்ரோங் போத்தலோடு முடித்த அந்த 70 கிலோக்காரருக்கு, காலை 6 மணிக்கும் இரத்தத்தில் 80க்கு மேல் இருக்கக்கூடும்.