காபரேற்றரில் கை வைக்க முதல்

"அண்ணை, இழுவை காணாது. காபரேற்றரை மாத்துவமே?" என்று கேட்டுக்கொண்டு ஒரு தம்பி தன் மொறிஸ் மைனரோடு வந்தார். 1098 சிசி எஞ்சின். பின் சீற்றில் பெட்டி பிரிக்காத 1½ அங்குல எஸ்யூ காபரேற்றர். எஸ்யூ என்பது கம்பனிப் பெயர், காற்றோடு பெற்றோலைக் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது காபரேற்றரின் வேலை. வார்ப்பிரும்பு மனிபோல்ட்டை ஏற்கெனவே கழற்றி, புகை வெளியேறக் குழாய் மனிபோல்ட்டும், காற்றுக் கலவை உள்ளே போகத் தனி இன்லெற்றும் போட்டிருந்தார். எஞ்சின் சூடேற முதல் ஓடவிட்டு, சிறிஞ்சில் தண்ணீர் எடுத்து இன்லெற் காஸ்கட் ஓரமாக விட்டேன். ஓட்டச் சத்தம் சட்டென்று மாறியது. அந்த இடுக்கால் காற்று இழுத்துக்கொண்டிருந்தது.

இந்த எஞ்சினில் இன்லெற்றும் எக்ஸோஸ்ட்டும் சந்திக்கும் இடங்களில் இரண்டையும் ஒரே நட்டும் ஒரே தடித்த வாஷரும்தான் சேர்த்துப் பிடிக்கின்றன. புதுக் குழாயின் விளிம்பு இன்லெற்றின் விளிம்பை விடத் தடிப்பு. வாஷர் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது, இன்லெற் அமரவே இல்லை. குழாய் மனிபோல்ட் போடுகிறவர்கள் அதிகம் விடுகிற பிழை இதுதான். வாஷரில் படி வெட்டிப் போட்டோம், இழுவை வந்தது. காபரேற்றர் பெட்டி பிரிக்காமலே வீட்டுக்குப் போனது.

காபரேற்றர் பாவம், மற்றவர்களின் பழியை அதுதான் சுமக்கும். அதை மாற்ற நினைத்தால் முதலில் நாலு சிலிண்டரிலும் கொம்பிரஷன் பாருங்கள். வால்வ் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 12 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று), தீப்பொறி நேரத்தைத் தீர்மானிக்கும் பொயின்ற் 15 தௌ அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் யாழ்ப்பாணக் கார்களுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 90களில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல், சின்னப் போத்தல் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் இவை. நான் திறந்த ஒரு காபரேற்றரில், அந்தக் காலத்தில் யாரோ பெற்றோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியை அரத்தால் ராவி மெலிதாக்கியிருந்தார்கள். ஊசி மெலிந்தால் எரிபொருள் கூடப் போகும். அப்போது அது கெட்டித்தனம். இப்போது அதே ஊசியோடு பெற்றோலில் ஓடினால் பிளக் கரிச்சட்டிதான்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, மாற்றத்தான் வேண்டும் என்றால், பெரியது நல்லது என்ற எண்ணத்தை விடுங்கள். ஜப்பான் காரில் கழற்றிய இரட்டைத் தொண்டைக் காபரேற்றரைத் தகடு வைத்துப் பொருத்துகிறார்கள். தொண்டை அகன்றால் குறைந்த வேகத்தில் காற்றோட்டம் மந்தமாகும், பெற்றோல் தூவாமல் துளியாக விழும். கஸ்தூரியார் வீதி நெரிசலில் ஊரும் காருக்கு அது வேண்டாத வேலை. 1098க்கு ஒற்றை 1½ அங்குல எஸ்யூ தாராளம். இரட்டை 1¼ பார்க்க வடிவுதான், ஆனால் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்யும் பொறுமை வேண்டும்.

எஸ்யூ காபரேற்றருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் அதன் மூடியும் சோடி. இரண்டு காபரேற்றரை ஒன்றாகக் கழுவி மூடியை மாற்றிப் போட்டால் பிஸ்டன் சிக்கும். உள்ளே எமறித் தாள் படவே கூடாது. மேலே, அந்தப் பிஸ்டன் சட்டென்று எழாமல் தடுக்கும் டம்பரில் எண்ணெய் விட மறந்தால், அக்சிலேற்றரை மிதித்ததும் கார் ஒரு கணம் மூச்சுத் திணறும். அதற்கும் ஊசியைத் திட்டுவார்கள்.

பம்பையும் பாருங்கள். வான் ஒன்றில் கழற்றிய மின் பம்பைப் போட்டால், 3 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் எஸ்யூவின் மிதவை ஊசி தாங்காது, பெற்றோல் வழியும். காபரேற்றர் இருப்பது எக்ஸோஸ்ட்டுக்கு நேர் மேலே! வழிவுக் குழாயைச் சூடான குழாய்களைத் தாண்டிக் கீழே இறக்கி விடாதவர் தீயோடு விளையாடுகிறார். தண்ணீர் ஹோஸைப் பெற்றோலுக்குப் போடுகிறவரும் அப்படித்தான்.

சைலன்சர் பக்கம் சொல்ல அதிகமில்லை. 1¾ அங்குலக் குழாய் போதும். 2 அங்குலம் போட்டால் சத்தம் வரும், கீழ் இழுவை போகும். குழாயைக் காரின் உடலோடு இறுக்கி வெல்டிங் செய்யாதீர்கள். எஞ்சின் ரப்பரில் ஆடும், குழாய் ஆடாது, விளிம்பு வெடிக்கும். சூட்டுக்குச் சுற்றும் நாடா பண்ணைப் பாலத்து உப்புக் காற்றில் ஈரத்தைப் பிடித்துவைத்து, உள்ளே இரும்பைத் தின்னவிடும். காரின் தளத்தில் துரு ஓட்டை இருந்தால் அதை முதலில் அடையுங்கள். கசியும் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை.

குழாயும் காபரேற்றரும் மாறினால் ஊசியும் மாறவேண்டும். இதை ஊருக்குள் ஓடிக் கண்டுபிடிக்க முடியாது, யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இங்கே பவ்வியமாக ஓடிய ஒரு ஒஸ்ரின் கார், ஏ9 வீதி வழியே மாத்தளை தாண்டிக் கண்டி ஏற்றத்தில் மூன்றாம் கியரில் கடகடவென்று தட்டத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஆற விட்டு, பிளக்கைக் கழற்றினேன். பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கவேண்டியது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பெற்றோல் காணாமல்தான் தட்டியிருக்கிறது. பெற்றோல் கூட வர, காபரேற்றரின் ஜெற் நட்டை அதன் ஒரு முகத்தளவு திருகி இறக்கி மெதுவாகக் கண்டி சேர்ந்தோம். ஊர் திரும்பி, ஒரு படி மெலிந்த ஊசி போட்ட பிறகுதான் அடுத்த பயணத்தில் அதே ஏற்றம் தட்டாமல் ஏறியது.