தட்டுப்பாட்டு ஆண்டில் கட்டுப்படியாகும் விலையில் கிறிஸ்துமஸ் வான்கோழி வாங்குவது எப்படி?

2022ஆம் ஆண்டு டிசம்பர் மூன்றாம் வாரத்தில், நாங்கள் முன்பணம் கட்டியிருந்த இறைச்சிக் கடையிலிருந்து, எங்கள் வான்கோழி வராது என்றும் பணம் திரும்ப வந்துவிடும் என்றும் இரண்டே வரியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. கிறிஸ்துமஸ் மதிய விருந்துக்கு எட்டுப் பேரை அழைத்தாகிவிட்டது. லண்டனுக்கு வந்து மூன்றாவது குளிர்காலம் என்பதால், இனி எங்கே போய்த் தேடுவது என்று எங்களுக்கு விளங்கவில்லை. அன்று மாலை பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டின் குளிர்பதன அலமாரியில் பச்சை வான்கோழி, அதாவது உறைய வைக்காத பறவை, ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டு வரிசை தள்ளி இருந்த பிரீசர் பெட்டியின் அடியில் உறைந்த வான்கோழிகள் நாலைந்து, கல்லைப் போலக் கிடந்தன. விலையோ நாங்கள் கட்டியிருந்த தொகையில் பாதிக்கும் குறைவு. அன்று தற்செயலாகக் கற்றதை இப்போது ஒழுங்காக, இங்கிலாந்தில் முதல்முறையாக வான்கோழி வாங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: எதற்குத் தட்டுப்பாடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிறிஸ்துமஸுக்கான ஃப்ரீ ரேஞ்ச் வான்கோழி, அதாவது திறந்தவெளியில் மேய்ந்து வளரும் பறவை, கோடையின் தொடக்கத்தில் குஞ்சாக வந்து ஐந்தாறு மாதம் வளர்க்கப்படுகிறது. அக்டோபரில் ஒரு பண்ணையில் நோய் புகுந்தால், அந்த இடத்தை நிரப்ப அந்த ஆண்டில் வேறு பறவை கிடையாது. 2022இல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் அதைத்தான் செய்தது. நவம்பர் 7 முதல் இங்கிலாந்து முழுவதும் வளர்ப்புப் பறவைகளைக் கூரைக்குள் அடைத்து வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆனால் நவம்பர் முடிவதற்குள்ளாகவே பிரிட்டனின் ஃப்ரீ ரேஞ்ச் வான்கோழிகளில் ஏறத்தாழ பாதி இறந்தோ அழிக்கப்பட்டோ போய்விட்டன என்று கோழிப்பண்ணைத் துறையினர் தெரிவித்தார்கள்.

உறைந்த வான்கோழியின் கதை வேறு. அதில் பெரும்பகுதி முன்கூட்டியே அறுக்கப்பட்டுக் கிடங்கில் காத்திருப்பது. ஆகவே செய்தியில் “வான்கோழித் தட்டுப்பாடு” என்று வரும்போது, அது முதலில் பச்சையான, விலை உயர்ந்த பறவையைப் பற்றியதாகவே இருக்கும் என்று கொண்டு தேடலைத் தொடங்குங்கள். நோய் பரவும் ஆண்டில் இறைச்சியை உண்ணலாமா என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்பார்கள். நன்கு வெந்த இறைச்சியால் ஆபத்தில்லை என்பதே இந்நாட்டு உணவுத் தர முகமையின் நிலைப்பாடு.

இரண்டாம் படி: கடைக்குப் போகும் முன் ஓவனை அளந்துகொள்ளுங்கள்

இதைப் பலரும் செய்வதில்லை; எங்கள் முதல் ஆண்டில் நாங்களும் செய்யவில்லை. மலிவாகக் கிடைத்தது என்று ஏழு கிலோ பறவையைத் தூக்கி வந்தோம். வாடகை வீட்டு ஓவனில் கம்பித் தட்டைக் கடைசி வரிசைக்கு இறக்கியும் மார்புப் பகுதி மேல் கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றது. இரவு பதினொரு மணிக்கு, ஊரிலிருந்து கொண்டுவந்த கறிக்கத்தியால் இரண்டு கால்களையும் மூட்டோடு பிரித்தெடுத்த பிறகுதான் கதவு மூடியது. எனவே கம்பித் தட்டிலிருந்து ஓவனின் மேற்கூரை வரையிலான உயரத்தையும், தட்டின் அகலத்தையும், கூடவே பிரீசர் இழுப்பறையின் ஆழத்தையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். சிறிய வாடகை வீடுகளில் உள்ள பிரீசர் இழுப்பறைக்குள் ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட பறவை போவது கடினம்.

மூன்றாம் படி: தலைக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள்

எலும்போடு உள்ள முழுப் பறவையென்றால் ஆளுக்கு அரைக் கிலோ என்பது பொதுவான கணக்கு. ஆனால் அது வான்கோழியும் உருளைக்கிழங்கும் மட்டுமே மேசையில் இருக்கும் வீட்டுக்கான கணக்கு. பிரியாணியும் மட்டன் குழம்பும் பக்கத்தில் இருக்கும் நம் வீட்டு விருந்துக்கு முந்நூற்றைம்பது கிராம் தாராளமாகப் போதும். எட்டுப் பேருக்கு மூன்று கிலோ பறவை போதுமென்றால், ஆறு கிலோ பறவையின் விலையைப் பார்த்து மலைக்க வேண்டிய அவசியமே இல்லை.

விலையை ஒப்பிடும்போது பெரிய எண்ணை விட்டுவிட்டு, விலைச்சீட்டின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் கிலோ விலையைப் படியுங்கள். கணக்குக்காக, முழுப் பறவை கிலோ 4 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ பாதிதான் உண்ணும் இறைச்சி. ஆக நீங்கள் தின்பது கிலோ 8 பவுண்டு இறைச்சி. பக்கத்தில் எலும்பு நீக்கிச் சுருட்டிக் கட்டிய இறைச்சி கிலோ 8 பவுண்டுக்கு இருந்தால் இரண்டும் ஒரே விலைதான். எலும்பை வேகவைத்துச் சூப்பு வைப்பவர்களுக்கு முழுப் பறவை லாபம். எலும்பைக் குப்பையில் போடுபவர்களுக்கு மற்றது.

நான்காம் படி: நவம்பரிலேயே உறைந்த பறவையை வாங்கிவிடுங்கள்

ஆல்டி, லிடில், ஐஸ்லாண்டு, டெஸ்கோ போன்ற கடைகளின் பிரீசர் பெட்டிகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு வெகு முன்பே உறைந்த வான்கோழி வந்துவிடும். அப்போது யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. டிசம்பர் இரண்டாம் வாரத்தில்தான் சிறிய அளவுகள் முதலில் தீர்ந்துபோய், பெரியவை மட்டும் மிஞ்சும். உறுப்பினர் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் தனி விலை வைக்கும் கடைகள் உண்டு. அட்டை இலவசம்தான் என்பதால், பதிந்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. இணையத்தில் வாங்குவதாக இருந்தால், பொருளைவிடக் கிறிஸ்துமஸ் வாரத்துக்கான விநியோக நேரம்தான் முதலில் தீரும் என்பதையும் மறவாதீர்கள்.

ஹலால் இறைச்சி வேண்டுவோர் தங்கள் வட்டாரக் கடையில் நவம்பர் மாதமே சொல்லி வைப்பது நல்லது. எந்தக் கடையாக இருந்தாலும் முன்பணம் கொடுக்கும்போது, பறவை வராவிட்டால் மாற்றாக என்ன தருவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

ஐந்தாம் படி: சீட்டில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள்

2022இல் அரசு ஒரு சலுகை கொடுத்தது. பண்ணையாளர்கள் பறவைகளை முன்கூட்டியே அறுத்து உறைய வைத்து, பிறகு உறைநீக்கி, நவம்பர் 28 முதல் டிசம்பர் 31 வரை குளிர்பதன அலமாரியில் விற்கலாம் என்பதே அது. பறவைகள் நோய்க்குப் பலியாகும் முன் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு என்ற வகையில் அது நியாயமானதே. ஆனால் வாங்குபவர் பச்சைப் பறவை என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுக்கும் பொருள், உறைந்து கரைந்த பறவையாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட பறவையைப் பச்சையாக மீண்டும் பிரீசரில் வைக்கக் கூடாது. ஆகவே குளிர்பதன அலமாரியில் எடுக்கும் பறவையின் சீட்டில், முன்பு உறைய வைக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கேற்ற விலைதானா என்று யோசியுங்கள்.

ஆறாம் படி: முழுப் பறவைதான் வேண்டுமா?

என்னைக் கேட்டால், தட்டுப்பாட்டு ஆண்டில் நமக்கு இருக்கும் பெரிய வசதி நம் நாக்குதான். இங்குள்ளவர்கள் வெள்ளையான மார்புக்கறியை விரும்புகிறார்கள். கால் நீக்கிய மார்புப் பகுதியைக் கிரவுன் என்று பெயரிட்டு அதிக விலைக்கு விற்கிறார்கள். கால்களும் தொடைகளும் அதே கடையில் கேட்பாரற்று, மலிவாகக் கிடக்கின்றன. குழம்புக்கும் பிரியாணிக்கும் நாம் தேடுவதோ அந்தக் கால்கறியைத்தான். நீண்ட நேரம் வெந்தாலும் வறண்டு போகாத இறைச்சி அது. நான்கு கால்களை இஞ்சி, பூண்டு, மிளகு, தயிர் தடவி ஓர் இரவு ஊறவைத்து, தட்டை மூடி மெதுவாக வேகவிட்டுக் கடைசியில் மூடியை எடுத்துச் சிவக்க விட்டால், விருந்தாளிகள் முழுப் பறவை எங்கே என்று கேட்க மாட்டார்கள்.

ஏழாம் படி: கடைசி நேரச் சூதாட்டம்

இங்கிலாந்தில் பெரிய கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே 24ஆம் தேதி மாலை, மீந்த பச்சை வான்கோழிகளின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் குறைப்பார்கள். லண்டனின் ஸ்மித்ஃபீல்டு சந்தையில் அதே நாள் காலையில் இறைச்சி ஏலம் நடக்கும் வழக்கமும் உண்டு. ரொக்கப் பணத்தைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு கூட்டம் நிற்கும். சரக்கு மிஞ்சும் ஆண்டுகளில் இது கைகொடுக்கும். தட்டுப்பாட்டு ஆண்டில் மிஞ்சுவதே அரிது என்பதால், வீட்டில் மாற்று உணவு இருந்தால் மட்டும் இறங்குங்கள். விருந்தைப் புத்தாண்டுக்குத் தள்ளி வைக்க முடிந்தவர்கள் 27ஆம் தேதி வரை பொறுத்திருந்து பார்க்கலாம்.

எட்டாம் படி: உறைநீக்க நாள் குறியுங்கள்

மலிவாக வாங்கிய உறைந்த பறவையை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கரைக்கக் கிலோவுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். ஐந்து கிலோ பறவைக்கு அறுபது மணி நேரம் வரை ஆகும் என்பதால், 25ஆம் தேதி காலை ஆறு மணிக்குத் தயாராக இருக்க வேண்டுமானால் 22ஆம் தேதி மாலை ஆறு மணிக்கே அதை எடுத்து வைத்துவிட வேண்டும். சொட்டும் நீர் மற்றவற்றின் மேல் படாமலிருக்க, விளிம்புள்ள தட்டில் வைத்துக் கடைசித் தட்டில் வையுங்கள். தோசை மாவுப் பாத்திரம் அன்றைக்கு மேல் தட்டுக்குப் போகட்டும். பச்சை இறைச்சியைக் குழாயடியில் கழுவும் நம் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். தெறிக்கும் நீரில் கிருமிகள் அடுப்படி முழுவதும் பரவும். கரைந்த பிறகு வயிற்றுக்குள் கையை விட்டுப் பாருங்கள். கழுத்தும் கல்லீரலும் வைத்த சிறிய பை பலவற்றில் இருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் எடைக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள், கழுத்தை மிளகு தட்டிப் போட்டுச் சூப்பாக்கிவிடுங்கள்.