கராமண்ட் சாய்வெழுத்தைப் பயன்படுத்தும் முறை

ஆங்கில நூலையோ அழைப்பிதழையோ வடிவமைப்பவர் சாய்வெழுத்தை (இட்டாலிக்) கையாளும் முன், அது நிமிர்ந்து நிற்கும் நேரெழுத்தைச் சாய்த்துப் பெற்றதா, தனியே வரையப்பட்டதா என்று பார்த்துவிட வேண்டும். 1501-இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுடியஸ் வர்ஜிலின் கவிதைகளை முழுவதும் சாய்வெழுத்தில் அச்சிட்டபோது, அதற்கான எழுத்துகளைச் செதுக்கிய பிரான்செஸ்கோ கிரிஃபோ, அக்காலத்து இத்தாலிய அறிஞர்களின் கையெழுத்தையே மாதிரியாகக் கொண்டார். பேனாவின் ஓட்டம் இன்றுவரை நல்ல சாய்வெழுத்தின் உயிராக இருக்கிறது.

கட்டணமின்றிக் கிடைக்கும் ஈபி கராமண்ட் எழுத்துரு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1592-இல் பிராங்க்ஃபர்ட்டில் வெளியான எகெனால்ஃப்-பெர்னர் அச்செழுத்து மாதிரித் தாளை அடிப்படையாகக் கொண்ட இதில், நேரெழுத்து கிளாத் கராமண்டின் வழியிலும், சாய்வெழுத்து ரொபேர் கிரான்ஜோனின் வழியிலும் வந்தவை. இருவரும் பதினாறாம் நூற்றாண்டில் அச்செழுத்து செதுக்கிய பிரெஞ்சுக்காரர்கள்.

கையிலிருப்பது அசல் சாய்வெழுத்துதானா என்று அறிய, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் 'ஏ'யையும் 'எஃப்'பையும் தட்டச்சிட்டுப் பெரிதாக்கிப் பாருங்கள். 'ஏ'யின் மேல்வளைவு மறைந்து, ஒற்றை வயிற்றுடன் கையால் எழுதியதுபோல் இருக்க வேண்டும். 'எஃப்'பின் வால், எழுத்துகள் அமரும் கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இவை இல்லையென்றால், சாய்வுக் கோப்பு கிடைக்காமல் மென்பொருள் நேரெழுத்தையே தள்ளிச் சாய்த்திருக்கிறது என்று பொருள். இணையப் பக்கங்களில் இது அடிக்கடி நேர்வதால், சாய்வுக் கோப்பையும் தனியாக இணைத்துவிடுங்கள்.

நூற்பெயர், பிறமொழிச் சொல், வாக்கியத்தில் அழுத்தம் பெறும் சொல், கவிதை மேற்கோள் ஆகியவற்றில் சாய்வெழுத்து அழகாக அமரும். பக்கக்கணக்கில் நீளும் உரைநடைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நெருங்கி நிற்கும் ஒடுங்கிய எழுத்துகள் கண்ணைச் சோர்வடையச் செய்யும். கராமண்டின் சிற்றெழுத்துகள் உயரம் குறைந்தவை என்பதால், அச்சில் 11 அல்லது 12 புள்ளி (பாயிண்ட்) அளவு பொருந்தும். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக அச்சிட்டால் மெல்லிய கோடுகளை மை அடைத்துவிடும். அங்கே அளவைக் கூட்டியே ஆக வேண்டும். சுழிவாலுடைய பெரிய எழுத்துகளை (கேபிடல்) சொல்லின் தொடக்கத்தில் மட்டும் வையுங்கள். ஒரு சொல் முழுவதையும் அவற்றால் அமைத்தால் படிக்கவே முடியாது.

தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரும் அழைப்பிதழில் தமிழ்ப் பகுதியைச் சாய்க்காதீர்கள். 'ப', 'ட', 'ம' போன்றவை செங்கோணத்தில் நிமிர்ந்து நிற்பவை. மென்பொருள் சாய்க்கும்போது அவற்றின் நிலை குலைகிறது. தமிழில் அழுத்தம் தேவைப்பட்டால் தடித்த எழுத்தோ மேற்கோள் குறியோ போதும்.

இறுதி மெய்ப்பில், சாய்ந்த சொல்லை அடுத்து நிமிர்ந்த அடைப்புக்குறி வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். 'எஃப்'பில் முடியும் சொல்லின் வளைந்த தலை அடைப்புக்குறியில் இடிக்கும். இடையில் மயிரிழை அளவு இடம் விட்டால் சரியாகிவிடும்.