கால்சியம் வாசலை ஒரே தாளில் வரைந்து படிப்பது எப்படி

கோத்தகிரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். தார் ரோட்டிலிருந்து என் வீட்டுக்கு 60 படி. கால்சியம் என்றாலே எலும்பு, பால் என்று சொல்லிப் பழகிய பிள்ளைகளிடம், மூச்சு வாங்கி உட்கார்ந்ததுமே கேட்பேன்: "படி ஏறும்போது உன் தொடைக்குள் என்ன நடந்தது?" அதற்கான பதிலைத்தான், அதாவது செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியம் நுழையும் வாசலைத்தான், வரையப் போகிறோம்.

தாளைக் குறுக்காகத் திருப்பி ஒரு தசைச் செல் வரையுங்கள். இடப்பக்கம் கால்சியத்தைச் சேர்த்து வைத்திருக்கும் சார்கோபிளாச வலை, வலப்பக்கம் இரண்டு சவ்வுகளோடு மைட்டோகாண்ட்ரியா. இரண்டையும் ஒட்டினாற்போல வரையுங்கள். அழகுக்காகத் தள்ளி வரைந்தால் பாடமே தப்பிவிடும். ஏனென்றால் ஓய்வில் இருக்கும் செல்லில் கால்சியம் மிகக் குறைவு, சுமார் 100 நானோமோலார் செறிவுதான். அந்த அளவுக்கு மைட்டோகாண்ட்ரியாவின் வாசல் திறக்காது. தசை சுருங்குவதற்காக வலை கால்சியத்தைக் கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் அளவு பல மடங்கு ஏறும். அங்கேதான் திறக்கும்.

அந்த வாசலை உட்சவ்வில் போடுங்கள். பெயர் எம்.சி.யூ. (MCU), கால்சியத்தை உள்ளே விடும் புரதம். 1960களிலேயே மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை உறிஞ்சுவது தெரியும். எந்தப் புரதம் என்று பிடிபட்டது 2011இல்தான். ஐம்பது வருடத் தேடல் அது, பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். வாசலின் வாயில் எம்.ஐ.சி.யூ.1 என்ற காவல் புரதத்தையும் சேருங்கள். கால்சியம் குறைவாக இருக்கும்போது மூடி வைப்பது அதுதான்.

இங்கே நிறையப் பேர் 'பம்ப்' என்று எழுதி, செல்லின் சக்தி நாணயமான ஏ.டி.பி. (ATP) செலவைக் காட்டுவார்கள். அது தப்பு. உட்சவ்வின் உள்பக்கம் சுமார் 180 மில்லிவோல்ட் எதிர்மின். கால்சியத்துக்கோ இரண்டு நேர்மின். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்தில் மேலே தேக்கிய தண்ணீர் குழாய் வழியே தானாக இறங்குவதுபோல, திறந்ததும் உள்ளே இழுபடும்.

அப்புறம் உள்ளே ஓர் அம்பு: கால்சியம் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியையும், உணவிலிருந்து சக்தியை எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சியின் இரண்டு நொதிகளையும் முடுக்கிவிட, ஏ.டி.பி. கூடும். தசையைச் சுருங்கச் சொன்ன அதே கால்சியம்தான் அதற்கு வேண்டிய சக்தியையும் தயார் செய்யச் சொல்கிறது. இந்த அம்பை மட்டும் சிவப்பு மையில் போடச் சொல்வேன்.

சோடியத்தை உள்ளே விட்டுக் கால்சியத்தை வெளியேற்றும் என்.சி.எல்.எக்ஸ். வாசலையும் மறக்காதீர்கள். வெளியேறாமல் அளவுமீறிச் சேர்ந்தால் உட்சவ்வில் பெரிய துளை திறந்து செல்லே செத்துவிடும்.

சரி, தாளைக் கவிழ்த்துவிட்டு, பார்க்காமல் மறுபடி வரையுங்கள். சிவப்பு அம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முதலில் சரிபாருங்கள்.