பழைய மினியை வழியில் நிற்காமல் ஓட்ட

1959 ஆகஸ்டில் வெளிவந்து 2000 அக்டோபர் வரை தயாரிப்பில் இருந்த அசல் மினி என்ற சிறிய பிரிட்டிஷ் கார் பற்றிய வழிகாட்டி இது. பத்தடி நீளத்துக்குள் நாலு பேரும் அவர்கள் சாமானும் அடங்க வேண்டும் என்பதற்காக இதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பிவைத்தார். கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குள்ளேயே இறக்கினார். சக்கரத்தை 10 அங்குலமாகச் சுருக்கி நாலு மூலைக்கும் தள்ளினார். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்பு வந்தது.

ஓட்டும் சுகம் முழுக்க இதிலிருந்துதான் வருகிறது. ஸ்டீரிங்கை லேசாகத் தொட்டாலே மூக்கு திரும்பும். வளைவில் உடல் சாயாது. ஐம்பது கிலோமீட்டர் வேகமே பறப்பது போல இருக்கும். அடிக்கடி வரும் பழுதுகளும் இதே ஏற்பாட்டிலிருந்துதான் முளைக்கின்றன. எந்தப் பழுது எதனால் வருகிறது என்று பிடிபட்டுவிட்டால் இதைப்போலக் கைக்கு அடங்கிய வண்டி வேறில்லை.

கீழே உள்ள அளவுகள் எஸ்.யூ. கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி) பாயின்ட்டும் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் சுவிட்ச்) உள்ள, மினியின் ஏ-சீரீஸ் எஞ்சினுக்கானவை. இன்ஜெக்‌ஷன் வைத்து வந்த கடைசிக்கால வண்டிகளுக்குப் பொருந்தாது. உங்கள் எஞ்சின் எண்ணுக்குரிய கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டையே கேளுங்கள்.

ஆயில்

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். கியர் பற்கள் ஒன்றோடொன்று கடிக்கும்போது ஆயிலை நசுக்கி அதன் கெட்டித்தன்மையைக் குறைத்துவிடும். அதனால் மற்ற கார்களில் பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும் ஆயில் இதில் தாங்காது. 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றி, 5,000 கி.மீ.க்கு ஒரு முறை, ஓட்டம் குறைவென்றால் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஃபில்டரோடு சேர்த்து ஏறக்குறைய 5 லிட்டர் பிடிக்கும். நாலரை லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியைச் சேருங்கள். இப்போதைய கார்களுக்கான தண்ணீர் போன்ற ஆயில் இதற்கு ஆகாது.

ஆயிலை இறக்குமுன் பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை ஓட்டிச் சூடாக்குங்கள். டிரெயின் போல்ட்டின் நுனியில் ஒரு காந்தம் இருக்கும். அதைத் துடைத்துவிடாமல் முதலில் பாருங்கள், கியர்பாக்ஸின் ஜாதகமே அங்கே இருக்கிறது. விரலால் தேய்த்தால் மைபோல இழுபடும் சாம்பல்நிறக் கூழ் படிந்திருந்தால் அது சாதாரணத் தேய்மானம். நகத்தில் குத்துகிற சீவலோ, பல் உடைந்த துணுக்கோ ஒட்டியிருந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். பேரிங்கோ பல்லோ போய்க்கொண்டிருக்கிறது, அந்தத் துகளைச் சுமக்கும் ஆயில்தான் கிராங்க் பேரிங்குக்கும் போகிறது.

போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது புதுச் செம்பு வாஷர் போடுங்கள். கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். முழு பலத்தையும் காட்டினால் மரை பிய்ந்துவிடும்.

மழையும் டிஸ்ட்ரிபியூட்டரும்

வழியில் நின்றுபோகும் மினிகளில் பெரும்பாலானவை இக்னிஷன் கோளாறால்தான் நிற்கின்றன. எஞ்சின் குறுக்கே இருப்பதால் ஸ்பார்க்கைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக்குகளும் முன்பக்க கிரில்லுக்கு நேர் பின்னால் வந்துவிட்டன. முன்னால் போகும் லாரி வாரியடிக்கும் தண்ணீர் நேராக அங்கே போய் விழும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பும், அதன் மூடியான கேப்பின் மேல் ரப்பர் உறையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பல கை மாறும்போது இரண்டும் காணாமல் போயிருக்கும். அவற்றைத் திரும்ப மாட்டினாலே மழைக்காலத் தொல்லையில் பெரும்பங்கு தீர்ந்துவிடும்.

பாயின்ட் வைக்கும் முறை இதுதான். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், நாலு பிளக்கையும் கழற்றுங்கள். கேப்பையும் அதற்குள் சுழலும் ரோட்டாரையும் எடுத்துவிட்டு, வண்டியை நாலாவது கியரில் போட்டு மெல்லத் தள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு சுற்றும். பாயின்ட்டின் குதிகால், தண்டிலுள்ள கேம் முகட்டின் உச்சியில் ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு உள்ளே போகும்போது லேசான பிடிப்பு தெரிய வேண்டும். ஸ்க்ரூவை முறுக்கும்போது அளவு நழுவும், அதனால் முறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். கேம் மேல் அரிசி அளவு கிரீஸ் போதும். அதிகம் வைத்தால் சூட்டில் தெறித்துப் பாயின்ட் முகத்தில் படிந்து ஸ்பார்க்கைக் கெடுக்கும். கிரீஸே வைக்காவிட்டால் குதிகால் தேய்ந்து இடைவெளி குறையும், அதோடு டைமிங்கும் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்தங்கும். வண்டி மேட்டில் திணறும், சூடும் ஏறும். பாயின்ட் மாற்றினால் டைமிங்கையும் சரிபார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

பாயின்ட் முகம் நீலம் பாரித்துக் கருகியிருந்தால் பாயின்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். பாயின்ட் சரியாக இருந்தும் சீக்கிரம் சீக்கிரமாகக் கருகினால் ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலைப் பாருங்கள். ஒயரில் பேலஸ்ட் (காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை) இல்லாத வண்டிக்கு முதன்மைச் சுற்றில் 3 ஓம் காட்டும் காயில் வேண்டும். பேலஸ்ட் வண்டிக்கான 1.5 ஓம் காயிலைத் தவறிப்போய் மாட்டினால் மின்னோட்டம் இரண்டு மடங்காகிப் பாயின்ட்டைத் தின்றுவிடும்.

ரோட்டாரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பித்தளைத் தகட்டை ரிவிட் அடித்துப் பொருத்திய மலிவான ரோட்டார்கள் பார்க்கப் புதிதாகவே இருக்கும். ஆனால் அந்த ரிவிட் வழியாக ஸ்பார்க் உள்ளே இறங்கித் தண்டுக்குப் போய்விடும். குளிரில் ஓடும், சூடானதும் மிஸ் ஆகும், கடைசியில் ஒரேயடியாக நிற்கும். ரிவிட் இல்லாமல் வார்த்தெடுத்த ரோட்டாரை வாங்குங்கள்.

கேப் மாட்டும்போது பிளக் ஒயர் வரிசை தப்பினால் வண்டி பின்னடிக்கும். ரேடியேட்டர் பக்கவாட்டில் இருக்கும் வண்டியில் அதன் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். வரிசை 1-3-4-2, ரோட்டார் சுற்றுவது இடஞ்சுழியாக. பிளக் இடைவெளி 0.65 மி.மீ.

டேப்பட்

வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.30 மி.மீ., எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். எந்த வால்வு எப்போது என்று குழம்ப வேண்டியதில்லை, ஒன்பது கணக்கை நினைவில் வையுங்கள். மொத்தம் எட்டு வால்வு. எட்டாவது முழுக்கத் திறந்து நிற்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்.

அளவுகளை எழுதி வையுங்கள். எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளி மட்டும் முறைக்கு முறை குறைந்துகொண்டே போனால் வால்வு சீட் தேய்ந்து வால்வு உள்ளே அமிழ்கிறது என்று பொருள். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த பழைய ஹெட்களில், ஈயமில்லாப் பெட்ரோலில் விரட்டி ஓட்டினால் இது வரும். அடுத்த முறை ஹெட்டை இறக்கும்போது கடினப்படுத்திய சீட் பதித்துவிட்டால் கவலை விட்டது.

கார்புரேட்டர்

எஸ்.யூ. கார்புரேட்டர் எளிமையான அற்புதம். பிக்கப் கொடுக்கும்போது ஒரு கணம் தயங்கினால் முதலில் மேலே உள்ள டேம்பர் மூடியைத் திருகிப் பாருங்கள், உள்ளே ஆயில் வற்றியிருக்கும். 20 கிரேடு ஆயிலை உட்குழாயின் விளிம்புக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நிற்கும்படி விடுங்கள். பிறகு கார்புரேட்டர் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். ‘டக்’ என்ற சத்தத்தோடு அடியில் விழ வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் மேல் கூட்டைக் கழற்றிப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள்.

கலவை சரியா என்று அறிய, சூடான எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அந்த வேகத்திலேயே நீடித்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்). உடனே எஞ்சின் அணையப் போனால் லீன் (பெட்ரோல் குறைவு). கொஞ்சம் ஏறி, பழைய நிலைக்கே திரும்பினால் சரி. கலவையை மாற்றும் ஜெட் நட்டை ஒரு முறைக்கு ஒரு முகம் மட்டும் திருப்புங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை உள்ளிருந்து கரைத்துவிடும். ஹோஸ் மேல், எத்தனால் தாங்கும் வகை என்பதைக் காட்ட ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். கார்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் இருக்கிறது என்பதை நினைத்தால் இதைத் தள்ளிப்போடத் தோன்றாது.

கண்ணில் படாத குட்டி ஹோஸ்

தண்ணீர் குறைகிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கும் வாட்டர் பம்ப்புக்கும் நடுவில் இருக்கும் பைபாஸ் ஹோஸைத் தடவிப் பாருங்கள். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. இரண்டு இரும்புக்கு நடுவே ஒடுங்கிக் கிடப்பதால் மற்ற ஹோஸ்களை மாற்றும் மெக்கானிக்கும் இதை விட்டுவிடுவார். நேரான ஹோஸை அங்கே நுழைக்கப் பம்ப்பையோ ஹெட்டையோ கழற்ற வேண்டிவரும். மடிப்பு மடிப்பாக, சுருங்கி விரியும் வகை கிடைக்கும். அதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, அமுக்கிச் சுருக்கி, முதலில் கிளிப் இரண்டையும் ஹோஸ் மேல் கோத்துக்கொண்டு நுழைத்துவிடலாம். பம்ப்போ ஹெட்டோ எந்தக் காரணத்துக்காக இறங்கினாலும் இந்த ஹோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

பக்கவாட்டு ரேடியேட்டர் உள்ள வண்டியில் ஃபேன் காற்றைச் சக்கர வளைவுக்குள் தள்ளுகிறது. ஆயில் கலந்த தூசு ஃபின்களில் அடைத்துக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. சூடு ஏறும் வண்டிக்குத் தெர்மோஸ்டாட்டை மாற்றுமுன் இதைக் கழுவுங்கள். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 13 மி.மீ. இறங்க வேண்டும்.

எர்த்

பேட்டரி டிக்கியில், ஸ்டார்ட்டர் முன்னால். எஞ்சினோ ரப்பர் மவுண்ட்டில் மிதக்கிறது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் ஒற்றை எர்த் பட்டை அறுந்தாலோ துருப்பிடித்தாலோ ஸ்டார்ட்டர் மின்சாரம் வேறு வழி தேடி சோக் கேபிளிலும் ஆக்சிலேட்டர் கேபிளிலும் பாயும். கேபிள் சூடாகி உறை உருகி இறுகிவிடும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் பிடி சுட்டால் வேறு எதையும் தேடாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி, இரு முனையிலும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து மாட்டுங்கள்.

கிளட்ச்சை விடும்போது எஞ்சின் முன்னும் பின்னும் ஆடினால் எஞ்சின் ஆடாமல் பிடிக்கும் ஸ்டெடி பாரின் ரப்பர் புஷ் போயிருக்கும். புஷ் மலிவு. மாற்றாமல் விட்டால் எக்ஸாஸ்ட் இணைப்பு உடையும், எர்த் பட்டையும் அறும்.

கிரீஸ் கன்

5,000 கி.மீ.க்கு ஒரு முறை, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்கும் நிலையில் கிரீஸ் அடியுங்கள். முன்னால் பக்கத்துக்கு மூன்று நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை), அதாவது ஹப்பின் மேலும் கீழும் ஒவ்வொன்று, மேல் ஆர்மின் உட்பக்கம் ஒன்று. பின்னால், சக்கரத்தைத் தாங்கும் ரேடியஸ் ஆர்மில் பக்கத்துக்கு ஒன்று. ஆக மொத்தம் எட்டு. பின்னால் உள்ள இரண்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அவை காய்ந்தால் தண்டு தேய்ந்து பின்சக்கரத்தின் மேற்புறம் உள்ளே சாயும், பிறகு புஷ்ஷைக் குடைந்து சரிசெய்ய இயந்திரப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிள் வளைந்து போகும் விசிறிபோன்ற தகடுகள் அங்கேயே இருக்கின்றன. அவற்றுக்கு நிப்பிள் கிடையாது, ஆயில்தான் விட வேண்டும்.

பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுங்கள். டிரம்மின் சதுரத்தலை அட்ஜஸ்டரைச் சாதாரண ஸ்பானர் மழுக்கிவிடும், அதற்கென்றே உள்ள பிரேக் ஸ்பானரை வாங்குங்கள்.

துரு

எஞ்சின் எவ்வளவு பழுதானாலும் மீட்டுவிடலாம், பாடியை மீட்பதுதான் பெரும்பாடு. வாங்கப்போகும்போது பின் சப்ஃப்ரேமையும் (பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டம்) அது பாடியோடு சேரும் இடத்தையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பேட்டரிப் பெட்டியின் அடியைப் பாருங்கள். கதவுக்குக் கீழே உள்ள சில், அசலாக இருந்தால் அடியில் ஏறக்குறைய நாலு அங்குல அகலம்தான் இருக்கும். அதைவிட அகலமென்றால் பழைய துருவின் மேலேயே புதுத்தகடு போர்த்தியிருக்கிறார்கள், உள்ளே இன்னும் அரித்துக்கொண்டிருக்கும்.

வழியில் நின்றுவிட்டால்

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. கேப்பின் நடுவிலிருந்து காயில் ஒயரை உருவி, கைப்பிடி உறையிட்ட பிளையரால் பிடித்து, எஞ்சின் இரும்புக்கு 6 மி.மீ. தள்ளி வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் இதைச் செய்யாதீர்கள். ஸ்பார்க் வராவிட்டால் பாயின்ட், கண்டென்சர், காயிலுக்கு வரும் ஒயர் என்று வரிசையாகப் பாருங்கள். நீலமாகத் தெறித்தால் கேப்பைக் கழற்றி, அதே ஒயரை ரோட்டாரின் பித்தளைக்கு அருகில் காட்டிச் சுற்றுங்கள். அங்கேயும் ஸ்பார்க் பாய்ந்தால் ரோட்டார் ஒழுகுகிறது. பாயாவிட்டால் ரோட்டார் நல்லது. கேப்பின் உள்ளே பென்சில் கோடுபோல விரிசலோ ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பார்க் சரியென்றால் பெட்ரோல். காயிலின் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் சுற்றுங்கள், விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். எலெக்ட்ரிக் பம்ப் வண்டியில் சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து டிக் டிக் சத்தம் வரும். வராவிட்டால் பம்ப்பை ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே ஒட்டிய பாயின்ட் விடுபட்டு வீடுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: ரோட்டார், பாயின்ட், கண்டென்சர், ஃபேன் பெல்ட், ஆக்சிலேட்டர் கேபிள், கண்ணாடி ஃபியூஸ் நாலு, அரை லிட்டர் ஆயில், இரண்டு லிட்டர் தண்ணீர், ஃபீலர் கேஜ், ஈரம் போக்கும் ஸ்ப்ரே, உலர்ந்த துணி. வண்டியிலிருந்து கழற்றிய பழைய பாயின்ட் செட்டையும் கண்டென்சரையும் வேலை செய்துகொண்டிருந்தவை என்றால் எறிந்துவிடாமல் டிக்கியிலேயே போட்டு வையுங்கள். புதிதாக வாங்கியது பெட்டிக்குள்ளிருந்தே பழுதாக வருவதும் உண்டு, பழையது ஓடிக் காட்டிய சரக்கு.